இரண்டு மணிக்கு யாரும் கூப்பிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் பெருகிவரும் நலவாழ்வு விடுதிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேலைவெட்டி இல்லாதவர்கள் காசைக் கொட்டிப் படுத்துக் கிடக்கிற இடம் அது என்று அதையொட்டி ஒரு வாசகர் எழுதியிருந்ததையும் படித்தேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. போன ஆடிவரை என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆவணியில் அப்படியொரு விடுதியில் 5 நாள் இருந்துவிட்டு வந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு வயது 57. சேலம் அம்மாப்பேட்டைக்கு வாக்கப்பட்டு வந்து 36 வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் குழித்தறியில் பட்டு வேட்டி நெய்கிறார். நான் குறுக்கே ஓடும் இழைக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பேன், நெடுக்கே ஓடும் பாவு நூலைப் பிணைக்கும்போது கூட உட்காருவேன். 2017 புரட்டாசி மாதம் ஒரு விடிகாலையில், வாசல் தெளித்துக்கொண்டிருந்த என் மாமியார் அப்படியே சாய்ந்துவிட்டார். அத்தை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மருத்துவமனையில் 19 நாள் இருந்தோம். நோயாளிக்குக் கட்டில் உண்டு, துணைக்கு வந்தவருக்கு எதுவும் கிடையாது. கட்டிலுக்கு அடியில் பாயை விரிப்பேன். தரை துடைக்க வருவார்கள், சுருட்டிக்கொண்டு வராண்டாவுக்குப் போவேன். அங்கே படுக்கக்கூடாது என்று எழுப்பிவிடுவார்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஒரு செவிலியம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைங்கம்மா. ஒரே பக்கமா கெடந்தா புண்ணாயிரும். புண்ணு வந்துட்டா ஆத்தறது லேசில்ல." குதிகால், இடுப்பு, வால் எலும்பு என்று எலும்பு துருத்தி நிற்கிற இடங்களில் உடம்பின் பாரம் அழுத்திக்கொண்டே இருந்தால் ரத்தம் ஓடாமல் தோல் செத்துப்போகும் என்று தன் கையை மெத்தையில் அழுத்திக் காட்டினார். அழுத்திய இடம் வெளுத்து, விட்டதும் சிவந்ததை நானும் பார்த்தேன். அந்த வெளுப்பை நான் மறக்கவே இல்லை.

ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. 7 வருடம் 4 மாதம்.

இரண்டு மணிக்கு எழுந்தால் என்ன வேலை என்று கேட்கலாம். விளக்கைப் போட வேண்டும். துணி நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் மாற்றி, வெந்நீர்த் துணியால் துடைத்து, ஈரம் இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். ரப்பர் ஷீட்டில் சுருக்கம் இருந்தால் அதுவே அறுக்கும், இழுத்துவிட வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கு நடுவில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல் கணுக்காலுக்குக் கீழே ஒன்று. பிறகு தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் பிடித்துத் தன் பக்கம் உருட்டி ஒருக்களிக்க வேண்டும். எல்லாம் முடிய இருபது நிமிடம். திரும்பப் படுத்துத் தூக்கம் வருவதற்குள் அடுத்த தடவை வந்துவிடும். முதல் வருடம் இடுப்பில் ஒரே ஒரு புண் வந்தது, ஆறிவிட்டது. அதற்குப் பிறகு கடைசிவரை அத்தை உடம்பில் ஒரு புண் கிடையாது. இதை நான் பெருமையாகவே எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். குளிக்க வைக்கத் தூக்குவது, நாற்காலியில் உட்கார வைப்பதெல்லாம் அவர்தான். பகலெல்லாம் தறிக்குழியில் மிதிக்கிற காலை ராத்திரியும் எழுப்ப எனக்கு மனம் வராது, அவ்வளவுதான். நாத்தனார் ஈரோட்டிலிருந்து நல்ல நாள் பெரிய நாளுக்கு வருவார், இரண்டு நாள் பார்த்துக்கொள்வார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

2025 தை மாதம், பொங்கல் கழிந்து ஒன்பதாம் நாள் அத்தை போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து கிளம்பும்போது எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "இனிமேலாவது நல்லாத் தூங்கு கண்ணு."

தூக்கம் வரவில்லை. வந்தாலும் பன்னிரண்டுக்கு விழிப்பு, இரண்டுக்கு விழிப்பு, நான்குக்கு விழிப்பு. கடிகாரம் பார்க்கவே தேவையில்லை. எழுந்து போய் அத்தையின் கட்டில் இருந்த இடத்தில் நிற்பேன். அங்கே இப்போது நூல் மூட்டைதான் இருக்கிறது. ஒருநாள் வீட்டுக்காரர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, கையைப் பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைத்தார். ரத்தக் கொதிப்பு ஏறியது. மாத்திரை இன்னொன்று கூடியது. தார் சுற்றும்போது கண் சொருகி இழை அறுந்தது. 36 வருடத்தில் என் கையில் அப்படி அறுந்ததில்லை. தூக்க மாத்திரை பத்து நாள் போட்டேன். மறுநாள் மத்தியானம்வரை தலையில் கல் வைத்த மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

கொழுந்தனார் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். பாட்டி மடியில் வளர்ந்த பிள்ளை. அவன்தான் விடுதிக்குப் பணம் கட்டிவிட்டு அப்புறம் போன் செய்தான். "பெரியம்மா, கட்டுன பணம் திரும்ப வராது. நீங்க போகலன்னா வீணாத்தான் போகும்." அந்தத் தொகை எங்கள் வீட்டில் இரண்டு மாதச் செலவு என்பது பிறகுதான் தெரிந்தது. முதலிலேயே தெரிந்திருந்தால் நிச்சயம் போயிருக்க மாட்டேன்.

ஏற்காடு எங்களுக்குத் தூரத்து ஊர் கிடையாது. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது வடக்கே தெரிகிற மலைதான். ஆனால் நான் அங்கே போனது அதற்கு முன்னால் இரண்டே தடவை, இரண்டும் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பியது. புதிய பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. மொத்தம் 20. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. எட்டாவது வளைவுவரை, அடுப்பில் பால் வைத்தேனா, கேஸை அணைத்தேனா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். பதினைந்துக்கு மேல் ஜன்னலில் குளிர் அடித்தது. சேலம் கடல் மட்டத்துக்கு 280 மீட்டர் போல உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்கும் மேல். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஆறேழு டிகிரி குறையும் என்பதால் நம் ஊரைவிட எப்போதும் ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி.

விடுதியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. விளம்பரம் செய்வதற்கு இந்தக் கடிதம் எழுதவில்லை. காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஓட்டுக் கட்டடங்கள். சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி. காப்பிக் காய் அப்போது பச்சையாக இருந்தது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் 1820-களில் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்திலிருந்தே கீழே வெயில் பொறுக்காதவர்கள் மேலே வந்து குளிர்ச்சியில் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சமைத்தவர்களும் துணி துவைத்தவர்களும் மலையேறி வந்து எப்போது படுத்தார்கள் என்று அந்த வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது நினைத்துக்கொண்டேன்.

உள்ளே நுழைந்ததும் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எனக்குக் கை நடுங்கியது. 7 வருடம் அந்தப் போனைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவள் நான். மருத்துவர் ஒரு சின்னப் பெண், என் மகள் வயது. இயற்கை மருத்துவமும் யோகாவும் ஐந்தரை வருடம் படித்தவர். எடை பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். "ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வருதும்மா?" என்று கேட்டார். மூன்று என்றேன். நேரத்தையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்காக எந்திரிச்சுப் பழகுனீங்க?" என்றார்.

அந்த வருடங்களில் எங்கள் வீட்டுக்கு எத்தனையோ மருத்துவர்கள் வந்திருக்கிறார்கள், எத்தனையோ பேரைப் போய்ப் பார்த்திருக்கிறோம். யாரும் அதைக் கேட்டதில்லை. பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

இன்னொன்றையும் அவர் தெளிவாகச் சொன்னார். "இங்க இருக்கற அஞ்சு நாளும் உங்க பி.பி. மாத்திரைய நிறுத்தாதீங்க. ஊருக்குப் போனதும் உங்க டாக்டர்கிட்டக் காட்டுங்க." இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த மாதிரி இடங்களில் எல்லா மாத்திரையையும் தூக்கிப் போடச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டேதான் போனேன். அப்படிச் சொல்கிற இடத்தில் ஒரு மணி நேரம்கூட இருக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

காலையில் ஐந்தரைக்கு மணி. எலுமிச்சையும் தேனும் கலந்த வெந்நீர். மூச்சுப் பயிற்சி. வயிற்றிலும் கண்ணிலும் ஈர மண் பட்டி அரை மணி நேரம். வெண்பூசணிச் சாறு, கஞ்சி, வேகவைத்த காய், பழம். சாயங்காலம் ஆறரைக்குள் சாப்பாடு முடிந்துவிடும். இதெல்லாம் தங்கள் கட்டுரையிலேயே வந்துவிட்டது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மண் பட்டி போடுகிற அறையின் சுவரில் காந்தியின் படம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் இருந்தபோதே அவர் வயிற்றில் மண் பட்டி போட்டுக்கொண்டவர் என்றும், 1946-ல் புனேவுக்குப் பக்கத்தில் உருளிகாஞ்சனில் கிராமத்து ஏழைகளுக்காக இயற்கை மருத்துவ ஆசிரமம் தொடங்கினார் என்றும் மருத்துவர் சொன்னார். மண்ணும் தண்ணீரும் பட்டினியும் காசில்லாத மருந்து என்றுதானே அவர் எடுத்துக்கொண்டிருப்பார். அந்த அறையில் என்னோடு படுத்திருந்த ஆறு பேரில், தன் கைக்காசில் இங்கே வந்திருக்கவே முடியாதவள் நான் ஒருத்திதான்.

எனக்கு உதவிக்கு இருந்த பெண் மலையிலேயே பிறந்தவர், மலையாளிப் பழங்குடி. பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைப்பவர்கள் உண்டு. தமிழ் பேசுகிறவர்கள்தான். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று அவர்களுக்குள் பழங்கதை இருக்கிறது. என்னை அக்கா என்று கூப்பிடுவார். ராத்திரி ஏழரைக்கு ஒரு வாளியில் வெந்நீர் கொண்டுவருவார். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்வார். தலையில் ஈரத்துண்டு. முழங்காலுக்குக் கீழே கால் முழுக்க வெந்நீரில், 15 நிமிடம். கால் சூடானால் அங்கே ரத்தக் குழாய்கள் விரிந்து உடம்பின் உள்சூட்டை வெளியே விடுமாம். உள்சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் தானாக வரும் என்று மருத்துவர் விளக்கினார். இதற்குப் பணமே வேண்டாம், யார் வீட்டிலும் செய்யலாம். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் மட்டும் செய்யக்கூடாது, சூடு தெரியாமல் வெந்துவிடும். முதல் நாள் அந்தப் பெண் குனிந்து என் காலைத் துடைக்க வந்தபோது துண்டைப் பிடுங்கிக்கொண்டேன். இன்னொருவர் என் காலைத் தொட்டுத் துடைப்பது எனக்குப் பழக்கமில்லை. "விடுங்கக்கா, இது என் வேல" என்றார்.

முதல் இரண்டு ராத்திரியும் வழக்கம்போலத்தான். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. எழுந்திருக்கவில்லை, கை மட்டும் போர்வைக்கு மேலே நீண்டு பக்கத்தில் தேடியது. தோளையும் இடுப்பையும் பிடிக்கிற அகலத்துக்கு விரிந்திருந்தது கை. இருட்டில் அதைப் பார்க்க முடியாது, ஆனால் எனக்குத் தெரிந்தது. வெளியே தறிச் சத்தம் இல்லை. எங்கள் தெருவில் விசைத்தறி ராத்திரியும் ஓடும், அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்குவோம். அங்கே ஓட்டின் மேல் தூறல் மட்டும்தான். அந்த அமைதியும் முதலில் எனக்கு உதவவில்லை. அத்தை கடைசியாக மூச்சு விட்ட பிறகு எங்கள் வீட்டில் இருந்த அமைதிதான் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் யோக நித்திரை. கூடத்தில் மல்லாந்து படுக்க வேண்டும். ஆசிரியர் உடம்பின் ஒவ்வொரு பாகமாகப் பெயர் சொல்லுவார், நம் நினைவை அங்கே கொண்டுபோக வேண்டும். அசைக்கக்கூடாது. "வலது கை கட்டைவிரல். ஆள்காட்டி விரல். நடுவிரல்..." என்று தொடங்கினார்.

எனக்கு நெஞ்சு அடைத்தது. இதையேதான் நான் தினமும் காலையில் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இயன்முறை மருத்துவர் சொல்லிக் கொடுத்தபடி அந்த விழுந்துபோன வலது கையை என் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகப் பிடித்து நீவி, "கட்டவெரல் அத்த... ஆள்காட்டி வெரல் அத்த... நெனச்சுப் பாருங்க, அசைக்க நெனைங்க" என்று சொல்வேன். அசையாது. ஆனால் அவர் கண் அந்த விரலுக்கு வரும். அத்தனை வருடம் இன்னொருவர் உடம்பில் விரல் விரலாக, எலும்பு எலும்பாக என் கவனம் இருந்திருக்கிறது. என்னுடைய கட்டைவிரலை நான் நினைத்ததே இல்லை. வலது மணிக்கட்டு, வலது முழங்கை, வலது தோள் என்று அவர் சொல்லச் சொல்ல, என் கை அங்கே இருக்கிறது, அது கனமாக இருக்கிறது, அதற்கு அலுப்பாக இருக்கிறது என்று தெரிந்தது. கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. இடது தோள்வரை கேட்டேன். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

விழித்தபோது கூடத்தில் யாருமில்லை. ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாக மாறியிருந்தது. என் மேல் ஒரு கம்பளி. வாசற்படியில் அந்த மலைப் பெண் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எழுந்து போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கூடத்தைப் பெருக்க வந்தவர்களை அவர்தான் உள்ளே விடவில்லையாம். மருத்துவமனை வராண்டாவில் தட்டி எழுப்பப்பட்ட எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எப்படிச் சொல்வது. அன்றைக்கு ராத்திரி ஒன்பதுக்குப் படுத்தவள் ஐந்தரை மணிக்குத்தான் கண் விழித்தேன். இரண்டு மணிக்கு யாரும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

மறுநாள் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் வீட்டிலும் பாட்டி படுத்த படுக்கை. வேலை முடிந்து இருட்டில் இரண்டு கிலோமீட்டர் நடந்து போய்ப் பாட்டிக்குத் துணி மாற்றிவிட்டுத்தான் சாப்பிடுவாராம். "ராத்திரி திருப்பிப் படுக்க வெக்கறீங்களா?" என்று கேட்டேன். "அம்மா ஒரு தடவ, நான் ரெண்டு தடவக்கா" என்றார். எனக்கு வாளியில் வெந்நீர் ஊற்றிய கை அது. அவருக்கு யார் ஊற்றுவார்கள்? இந்தக் கேள்வியோடுதான் நான் அந்த மலையை விட்டு இறங்கினேன்.

நான்காம் நாள் சாயங்காலம் எங்களை லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனைக்கு அழைத்துப் போனார்கள். மூடுபனி விலகி, கீழே சேலம் தெரிந்தது. இருட்ட இருட்ட விளக்குகள். எல்லோரும் அழகு என்றார்கள். அழகுதான். ஆனால் எனக்கு வேறொன்று தோன்றியது. இந்த விளக்கெல்லாம் பத்து மணிக்கு அணையும். இரண்டு மணிக்குச் சில மட்டும் எரியும். ஒரு வீட்டில் ஒரு அறையில் மட்டும், இருபது நிமிடம். மேலே இருந்து பார்த்தால் அவை தனியாகத் தெரியும். எங்கள் வீட்டு விளக்கும் 7 வருடம் அப்படித்தான் எரிந்திருக்கும். ஒவ்வொரு விளக்கடியிலும் ஒருத்தி எழுந்து நிற்பாள் என்று எண்ணிக்கொண்டே நின்றேன்.

ஐயா, அந்தப் பெண்களைப் பற்றித்தான் தங்கள் பத்திரிகை எழுத வேண்டும் என்று கேட்கிறேன்.

2019-ல் மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று எடுத்தது. வீட்டில் இருப்பவர்களைக் கூலியில்லாமல் பராமரிக்கும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாக அதில் வந்தது. கல்லூரியில் வேலை பார்க்கும் என் மகள் காட்டினாள். என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ராத்திரி நான்கு தடவைக்கு மட்டுமே 80 நிமிடம். பகல் கணக்கு தனி. பெற்றோரைப் பார்த்துக்கொள்ளாத பிள்ளைகளைக் கேட்க 2007-ல் ஒரு சட்டம் வந்தது. நல்ல சட்டம். பார்த்துக்கொள்கிறவளைப் போய் யாராவது கேட்க வேண்டும் என்று மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் வீட்டுக்கும் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வந்தார்கள். அவர்களுக்கு நான் கடைசிவரை நன்றி சொல்வேன். விரல் பயிற்சி சொல்லிக் கொடுத்தவர் அப்படி வந்தவர்தான். அவர்கள் கையில் ஒரு பதிவேடு இருக்கும். நோயாளியின் ரத்த அழுத்தம், சர்க்கரை, புண் இருக்கிறதா, மாத்திரை தீர்ந்ததா என்று எழுதுவார்கள். அதில் இன்னும் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். பார்த்துக்கொள்பவர் நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினார்? அந்தக் கேள்வி ஒன்று போதும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கேட்காமல் எதுவும் தொடங்காது. அந்தச் சின்ன மருத்துவர் கேட்டதில்தான் எனக்குத் தொடங்கியது.

என் அண்ணன் மகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே 2014-ல் வந்த சட்டப்படி, பராமரிப்பவருக்கு என்ன உதவி தேவை என்று தனியாக மதிப்பீடு செய்து கேட்க உள்ளாட்சிக்குக் கடமை இருக்கிறது என்றாள். இங்கிலாந்து வேண்டாம், பக்கத்திலேயே பார்க்கலாம். கோழிக்கோட்டில் 1993-ல் வலி நிவாரணத்துக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, அங்கிருந்து கேரளம் முழுக்க அக்கம்பக்கத்தாரே பயிற்சி எடுத்துப் படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்குப் போகிற வழக்கம் பரவியிருக்கிறது. நம் சேலத்தில் தெருவுக்குத் தெரு ஆடித் திருவிழாவுக்கு ஆள் சேர்கிறார்கள், கூழ் ஊற்றுகிறார்கள். அதே ஆட்கள்தான் இதற்கும் வேண்டும்.

அரசிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு வட்டாரத்து அரசு மருத்துவமனையிலும் நாலைந்து கட்டில் இதற்கென்று ஒதுக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை வருடத்துக்கு ஒரு வாரம் அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த ஒரு வாரம் வீட்டில் இருப்பவள் தூங்கட்டும். ஏற்காட்டுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. அவள் வீட்டிலேயே, அவள் பாயிலேயே தூங்கினால் போதும். நோயாளியின் துணைக்கு வருபவர்களுக்கு மருத்துவமனைகளில் விரட்டாமல் படுக்க ஓர் இடம் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

விடுதி நடத்துபவர்களிடமும் கேட்க எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன். மழைக் காலத்தில், வாரநாள்களில் நான் இருந்த இடத்தில் பாதி அறை பூட்டியே கிடந்தது. அந்த நாள்களில் இரண்டு அறையை, தங்களிடமே வேலை பார்க்கும் பெண்களுக்கு முறை வைத்துக் கொடுங்கள். சம்பளத்தோடு விடுப்பும் கொடுங்கள். வாளியைத் தூக்கி வருகிறவருக்கும் ஒருநாள் அந்த வாளியில் கால் வைக்கக் கொடுங்கள். காந்தி படத்தை மாட்டியவர்கள் இதைச் செய்வார்கள் என்று நம்புகிறேன்.

எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஊருக்கு வந்து வாரத்தில் இரண்டு நாள் இன்னும் இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. படுத்தபடியே வலது கை கட்டைவிரலிலிருந்து எண்ணத் தொடங்குவேன். பெரும்பாலும் இடது தோள் வருவதற்குள் தூங்கிவிடுகிறேன். ரத்தக் கொதிப்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாத்திரையைக் குறைக்கலாமா என்று எங்கள் மருத்துவர் அடுத்த மாதம் பார்க்கிறேன் என்றார். தார் அறுவதில்லை.

எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு பெண், 41 வயது. அவள் அம்மா இரண்டு வருடமாகப் படுக்கையில். பகலில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறாள். ஐப்பசி மாதம் அவளிடம் போய், செவ்வாய்க்கிழமை ராத்திரி மட்டும் உங்கம்மாவை நான் பார்த்துக்கறேன், நீ எங்க வீட்டுல வந்து தூங்கு என்றேன். முதல் வாரம் அவளுக்கு மனமே வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு எழுந்து தெருவில் நடந்து வந்து கதவைத் தட்டினாள். அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்திருப்பதையும் குதிகாலுக்குக் கீழே தலையணை இருப்பதையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். நான்காவது வாரம் வரவில்லை. காலை ஆறரைக்கு என் வீட்டுக்காரர்தான் அவளைக் காப்பி போட்டு எழுப்பினார்.

இன்று திங்கள். நாளைக்குப் பத்து மணிக்கு நான் அங்கே போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.